எந்த வயது, எந்த இடம்: தோலில் கை வைக்கும் முன்

வீட்டுக்கு ஒரு ட்யூப் இருக்கும். தாத்தாவுக்குக் கவட்டையில் ஊறல் எடுத்தபோது மருந்துக்கடையில் சொல்லி வாங்கியது, பாதி பிதுங்கி, மூடி தொலைந்து, டிவி ஸ்டாண்டில் கிடக்கும். அதையே அம்மா பித்தவெடிப்புக்குத் தேய்ப்பார். கல்லூரிக்குப் போகிற மகள் கன்னத்துத் தழும்பில் வைப்பாள். கைக்குழந்தைக்கு டயப்பர் போட்ட இடம் சிவந்தால் அங்கேயும் கொஞ்சம் ஒற்றுவார்கள். குதிங்காலில் ஒன்றும் நடக்காது. கன்னம் முதலில் பளிச்சென்று தெளியும். சில மாதத்தில் சிவந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். குழந்தைக்கு நேர்வது இன்னும் மோசம், வெளியே தெரியவும் தெரியாது. மருந்து ஒன்றுதான். அது விழுந்த தோல்கள் வேறு வேறு.

தோல் எவ்வளவு உறிஞ்சும் என்பதை 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். வயது வந்த ஆண்களின் உடம்பில் வெவ்வேறு இடங்களில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தடவி, சிறுநீரில் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்த்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, உள்ளங்கை 0.83, முதுகு 1.7, தலை 3.5, கக்கம் 3.6, நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்காலுக்கும் விதைப்பைக்கும் நடுவே முந்நூறு மடங்கு இடைவெளி. தாத்தா கவட்டையில் தடவியதும் அம்மா குதிங்காலில் தேய்த்ததும் ஒரே அளவாக இருந்திருக்கலாம், உள்ளே போனது ஒரே அளவு இல்லை.

காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிற செத்த செல் படலம். உடம்பின் பெரும்பகுதியில் அது 15 முதல் 20 அடுக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். உள்ளங்காலில் அதுவே பல மடங்கு அடுக்கு. கண் இமையின் மொத்தத் தோலே சுமார் அரை மில்லிமீட்டர். முதுகில் 3, 4 மில்லிமீட்டர் வரை போகும். தடிமனோடு இன்னும் இரண்டு விஷயம் சேரும். தலையிலும் நெற்றியிலும் மயிர்க்கால்கள் நெருக்கம், அவை மருந்துக்கு வாசல். கக்கம், கவட்டை, மார்பகத்தின் அடிப்பக்கம் மாதிரித் தோலும் தோலும் ஒட்டுகிற இடங்களில் வேர்வை ஆவியாகாமல் ஊறிக்கிடக்கும், ஊறின தோல் அதிகம் உறிஞ்சும். பிளாஸ்டிக் சுற்றி வைத்த மாதிரிதான். டயப்பரும் அதே வேலையைச் செய்கிறது.

அந்த ட்யூப்பை எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டாசால், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் மாதிரிப் பெயர் எதுவாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் விதியை இறுக்கினார்கள். கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். படர்தாமரைக்கு இதைப் போட்டால் இரண்டு நாளில் ஊறல் நிற்கும், அதுதான் வம்பு. ஸ்டீராய்டு ஊறலை அமுக்குகிறது, பூஞ்சையைக் கொல்லவில்லை. எதிர்ப்பு குறைந்த தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும், வட்டத்தின் ஓரம் மங்கிப்போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்துக்கு வரும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டவர்களுக்குப் பிரசவ வரி மாதிரிச் சிவந்த கோடுகள் விழும். பூஞ்சையை ஒழித்துவிடலாம், அந்தக் கோடு போகாது. இமையில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும்.

படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள கிரீம் போதும். வட்டத்துக்குள் மட்டும் தடவாமல் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை உயிரோடு நகர்வது ஓரத்தில்தான். ஊறல் நின்றபின்னும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். மேல்தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கும். பூஞ்சை குடியிருக்கிற அடுக்கு முழுக்க உதிர்ந்து போகும் வரை மருந்து மேலே இருக்க வேண்டும். வயது ஏற ஏற இந்தச் சுற்று மெதுவாகும், அதனால் அறுபதைத் தாண்டியவருக்கு அதே படை ஆற அதிக நாள் பிடித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. முகத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டுப் பழகினவர்கள் மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரக்கூடாது. முகம் இரண்டு மடங்கு கொதிக்கும். டாக்டர் பார்த்துப் படிப்படியாக இறக்க வேண்டும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த கிரீமைப் போடும்போது எவ்வளவு என்ற கேள்வி வரும். "லேசா தடவுங்க" என்பது அளவே இல்லை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குச் சரி. இந்த விரல் கணக்கில் முகமும் கழுத்தும் இரண்டரை, ஒரு கை முன்பின் சேர்த்து ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே தோள் வரை மூன்று, ஒரு கால் ஆறு, பாதம் இரண்டு, முன்னுடம்பு ஏழு, பின்னுடம்பு ஏழு. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு அதே பெரியவர் விரலால் முகம் கழுத்துக்கு ஒன்று, ஒரு கை முழுக்க ஒன்று, ஒரு கால் முழுக்க ஒன்றரை. இதைவிடக் கூடப் பிதுக்கினால் காசும் போகும், தோலும் போகும். குறைத்துப் போட்டு "கேக்கல" என்று மாற்று மருந்து தேடுபவர்களும் உண்டு, பெரும்பாலும் முதுகில். எந்த வடிவம் என்பதும் இடத்தைப் பொறுத்தது: தலைக்கு லோஷன், மடிப்புகளுக்கு கிரீம், உள்ளங்கால் மாதிரிக் காய்ந்து தடித்த இடத்துக்குப் பிசுபிசுக்கிற ஆயின்மென்ட். கவட்டையில் ஆயின்மென்ட் போட்டால் ஊறி இன்னும் நைந்துபோகும்.

பிறந்த குழந்தைக்கு வருவோம். பிறந்தவுடன் உடம்பில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கும் மாவை அழுக்கு என்று துடைத்தெடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோலைக் காயாமலும் குளிராமலும் காப்பது. முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது குழந்தைத் தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை இல்லாமல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். நாட்கள் போகப் போகத்தான் பெரியவர்களுடையது மாதிரி 5ஐ ஒட்டி வரும். அந்த அமிலம்தான் கிருமியை ஒதுக்கி வைப்பது. காரமான துணி சோப்பும், நுரை கொட்டுகிற குளியல் சோப்பும் அதைக் குலைக்கும். கடலை மாவு, பயத்தம் மாவு தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் சலித்த மாவாக, மெதுவாக. கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் அது தங்கி ஊறாமல் கழுவ வேண்டும். மடிப்பில் தங்கின மாவில்தான் புண் ஆரம்பிக்கும்.

கைக்குழந்தையின் செத்த செல் படலம் பெரியவர்களுடையதைவிட 30 சதவீதம் வரை மெல்லிசு. இன்னொரு கணக்கும் உண்டு: எடைக்கு ஒத்துப்பார்த்தால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட இரண்டு, மூன்று மடங்கு. ஒரே விகிதத்தில் உறிஞ்சினாலும் ரத்தத்தில் சேர்வது அதிகம். குறைமாதக் குழந்தைக்கு, அதிலும் 34 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு, தடுப்பே இன்னும் உருவாகியிருக்காது. போரிக் பவுடர், ஸ்பிரிட், நாட்டு மருந்து லேகியம் எதுவும் அந்தத் தோலில் படக்கூடாது. எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய் போதும். கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டும் தோலின் தடுப்பைக் கெடுக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; விலை கூட என்பதற்காக ஆலிவைத் தேடிப்போக வேண்டாம்.

குளிப்பாட்டும் தண்ணீர்ச் சூட்டை எதால் பார்ப்பது? அடுப்படியில் காலமெல்லாம் வெந்நீர்ப் பானை தூக்கின ஆச்சி கையை விட்டுப் பார்த்து, "ஏட்டி, சூடு பதமாத்தான் இருக்கு, ஊத்து" என்பாள். ஆச்சியின் உள்ளங்கை அந்த வேலைக்கு ஆகாது. அங்கே மேல்படலம் தடிப்பு, வயதில் உணர்ச்சியும் மழுங்கியிருக்கும், சர்க்கரை இருந்தால் இன்னும். முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பு, அதாவது 37, 38 டிகிரி, என்று பட்டால் சரி, "சுடுது" என்று பட்டால் ஆற விட வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலை ஆழமாக வேகவைக்க 5 வினாடி போதும், குழந்தைக்கும் வயதானவருக்கும் அதற்கும் குறைவு. வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். மீறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இங்க், டூத்பேஸ்ட், இட்லி மாவு வேண்டாம்.

பிறந்ததும் இடது மேல்கையில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் தோலின் கணக்குத்தான். முதல் மாதத்துக்குள் 0.05 மி.லி., அதன்பின் போட்டால் 0.1 மி.லி. ஊசி தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். சரியாகப் போட்டால் கொசுக்கடி மாதிரி வெளுத்து மேடு தெரியும். சில வாரம் கழித்து அங்கே கட்டி வந்து, உடைந்து, தானே ஆறித் தழும்பாகும். அதன்மேல் மருந்தோ மஞ்சளோ வைக்காமல், பிதுக்காமல் விடுவதுதான் வைத்தியம்.

குழந்தைக்கு வேர்வைக் குழாய் முழுசாகத் தேறியிருக்காது, அதனால் அக்னி நட்சத்திரத்தில் நெற்றி, கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. எண்ணெயும் பவுடரும் சேர்ந்தால் அடைபட்ட வாயை இன்னும் அடைக்கும், பவுடர் மூச்சுக்கும் ஆகாது. மெல்லிய பருத்திச் சட்டை, காற்று, ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெறும் தண்ணீர். நுங்கைத் தேய்ப்பது குளிர்ச்சிக்கு நல்லதுதான், தேய்த்துவிட்டுக் கழுவாமல் விட்டால் எறும்பு வரும்.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிற கிள்ளுச் சோதனை பலருக்குத் தெரியும், எங்கே கிள்ளுவது என்பதுதான் தெரியாது. குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்து, தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், நகம் படாமல், மடிப்பு உடம்பின் நீளவாக்கில் நிற்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். தோலும் அடியில் உள்ள சதையும் சேர்ந்து ஒரு வினாடி பிடித்து விட வேண்டும். உடனே படுத்தால் நல்லது. மடிப்பு கண்ணுக்குத் தெரிந்தபடி மெதுவாகப் படுத்தால் ஓ.ஆர்.எஸ். தொடர்ந்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரி. 2 வினாடிக்கு மேல் நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. கொழுத்த குழந்தைக்கு வற்றியிருந்தாலும் உடனே படுக்கும், எலும்பும் தோலுமான குழந்தைக்கு வற்றாவிட்டாலும் மெதுவாகப் படுக்கும். அதனால் கண் குழிவு, சோர்வு, தாகம் எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதே சோதனையைத் தாத்தாவின் புறங்கையில் செய்து பயப்படுகிறவர்கள் உண்டு. எழுபது வயதில் புறங்கைத் தோல் நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கும் கூடாரம் மாதிரி நிற்கும்; மீள்நார் தேய்ந்துபோனதுதான் காரணம். வயதானவருக்கு நெஞ்செலும்பின் மேல் கிள்ளிப் பார்ப்பது ஓரளவு தேவலாம், நாக்கையும் சிறுநீரின் நிறத்தையும் பார்ப்பது அதைவிட மேல்.

பிறகு வயசுப் பிள்ளைகள். எண்ணெய்ச் சுரப்பி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே கிடையாது; முகம், தலை, நெஞ்சு நடு, மேல் முதுகில் நெருக்கம். குழந்தைப் பருவத்தில் தூங்கிக் கிடந்து, வயசுக்கு வரும்போது விழித்துக்கொள்ளும். பருவும் தேமலும் அந்த இடங்களிலேயே வருவது அதனால்தான்; தேமலின் பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் சோறு. தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்துச் சீவுகிற பிள்ளைக்கு நெற்றி ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு என்றால் முகத்துக்கு கிரீம் தேடாமல், எண்ணெயைத் தலைக்குக் குளிக்கிற நாளுக்கு மாற்றுங்கள். பின்கழுத்தும் கக்கமும் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால் அது அழுக்கில்லை. பீர்க்கங்கூடும் கல்லும் வைத்துத் தேய்த்தால் உராய்வால் இன்னும் கறுக்கும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சர்க்கரைக்கு ரத்தம் பார்த்து, எடையைக் குறைத்தால்தான் தெளியும்.

இடம் மாறித் தோன்றி ஏமாற்றும் வியாதிக்கு நல்ல உதாரணம் ஹேர் டை. ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பி.பி.டி. என்ற பொருள். பூசியது தலையில், வீங்குவது கண் இமை, காது, கழுத்து. தலைத்தோல் தாக்குப்பிடிக்கிறது, வழிந்து பட்ட மெல்லிய இமை தாக்குப்பிடிக்கவில்லை. "கண்ணுல ஏதோ பூச்சி கடிச்சிட்டு" என்று வருகிறவரிடம் முந்தின இரண்டு நாளில் டை அடித்தீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். முதல் முறை அடிக்கிறவர், பிராண்ட் மாற்றுகிறவர், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடிப்பது நல்லது. சிவந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். கறுப்பாகச் சிவக்கிற மருதாணிப் பாக்கெட்டிலும் இதே பொருள் இருக்கும். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின இடம் மட்டும் வெளுத்தால் பசையில் உள்ள வேதிப்பொருள்தான். குங்குமத்துக்கு மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிரங்கு வயதைப் பார்த்து இடம் மாறும். பெரியவர்களுக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, கவட்டை, முகத்துக்கு வராது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எல்லா இடமும். ராத்திரியில் ஊறல் கூடுவதும், வீட்டில் இன்னொருவர் சொறிவதும் கைகாட்டி. 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீமைப் பெரியவர் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, ஒரு இடம் விடாமல் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று ஏறக்குறையக் காலியாகும். குழந்தைக்கும் தள்ளாத வயதினருக்கும் தலை, காதுப்புறம், நெற்றியும் சேர்த்துப் பூச வேண்டும், கண்ணும் வாயும் விட்டு. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி. ஊறுகிற இடத்தில் மட்டும், ஊறுகிற ஆள் மட்டும் பூசினால் சிரங்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

ஆற்றுப்பாசனத்துக்காரர்களுக்குக் கால்தான் பாடம். பிசானப் பருவ நெல் நடவில், திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற பெண்களின் ஒரே பாதத்தில் இரண்டு எதிரெதிரான நோய் இருக்கும். விரல் இடுக்கில், அதிலும் கடைசி இரண்டு விரலுக்கு நடுவே, சேற்றுப்புண், குதிங்காலில் பித்தவெடிப்பு. இடுக்கில் தோல் மெல்லிசு, காற்று போகாது, ஊறி வெளுத்துப் பிய்யும். குதிங்காலில் தோல் தடிப்பு, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, ஈரம் போனதும் எடை தாங்காமல் பிளக்கும். ஒன்றைக் காயவைக்க வேண்டும், மற்றதை நனைத்து வைக்க வேண்டும். பாதம் முழுக்க வாஸ்லின் பூசிக்கொள்கிறவருக்குக் குதிங்கால் ஆறும், இடுக்கு அழுகும்.

வயலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஒற்றியெடுக்க வேண்டும். கால்மணி நேரம் காற்றாட விட்டு, க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீமை இடுக்கில் மட்டும் மெல்லிசாக, காலையும் ராத்திரியும், நான்கு வாரம். நாற்றமும் பச்சை நீரும் இருந்தால் பாக்டீரியா சேர்ந்துவிட்டது, கிரீமோடு நிற்காது. குதிங்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கல்லால் ஒரே திசையில் தேய்த்து, பிளேடு தொடாமல், ஈரம் இருக்கும்போதே யூரியா 20, 25 சதவீதம் உள்ள கிரீம், அதன்மேல் வாஸ்லின், பருத்தி சாக்ஸ், தூக்கம். சர்க்கரைக்காரர்கள் ஊறவைப்பதையும் சாலிசிலிக் ஆசிட் ஆயின்மென்டையும் விட்டுவிட வேண்டும். அவர்களின் ஆணி, காய்ப்பை வீட்டில் வெட்டவே கூடாது, அடியில் புண் ஒளிந்திருக்கலாம்.

காய்ப்பு எல்லாமே நோயில்லை. திசையன்விளைப் பக்கம் பனையேறுகிறவர்களின் நெஞ்சிலும் முன்கையிலும் பாத உள்விளிம்பிலும் இருக்கிற தடிப்பு அவர்களின் கவசம். வேலை இருக்கிற வரை அதைக் கரைக்கக்கூடாது, வெடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்தால் போதும். முக்கூடல், மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர்களுக்கு வேறு சிக்கல்: விரல்நுனி ரேகை தேய்ந்து ரேஷன் கடை மெஷின் எடுக்காது. வயதானவர்களுக்கும் இதே கதை, ரேகையின் மேடே தணிந்து தோல் காய்ந்திருக்கும். முந்தின இரண்டு ராத்திரி விரல்நுனியில் வாஸ்லின், காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வைக்கும் முன் விரலை லேசாக ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டால் பல தடவை எடுத்துவிடும். அதிகம் உழைக்காத மோதிர விரலையும் இடது கையையும் முயன்று பார்க்கலாம். ரேகையின் அச்சு அடித்தோலில் இருப்பதால் சில வாரம் வேலையில்லாமல் இருந்தால் திரும்ப வரும். பீடி சுற்றின கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

ஆச்சியின் முன்கையில் பட்டதெல்லாம் கருஞ்சிவப்புத் திட்டாகும், பிளாஸ்திரியை உரித்தால் தோலும் கூட வரும். வயதில் மேல்தோலையும் அடித்தோலையும் கோத்துப் பிடிக்கிற மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது, ரத்தக்குழாயைச் சுற்றின மெத்தையும் குறைகிறது. பிளாஸ்திரி எடுக்க வேண்டியிருந்தால் ஓரத்தில் தேங்காயெண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, ஒரு விரலால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல் அதன் மேலேயே மடித்துப் படுக்கைவாட்டில் இழுக்க வேண்டும், மயிர் சாய்ந்த திசையில். தோல் கிழிந்துவிட்டதா? தொங்குகிற தோலை வெட்டி எறியாதீர்கள், அதுதான் இருப்பதிலேயே நல்ல மூடி. சுத்தத் துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, ஆறின கொதிநீரிலோ சலைனிலோ கழுவி, நனைத்த பஞ்சால் தோலை உருட்டி உருட்டி அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டும். மேலே ஒட்டாத வாஸ்லின் வலைத்துணி, அதன்மேல் சுற்றுத்துணி; பிளாஸ்திரி தோலில் படவே கூடாது. எந்தத் திசையில் கிழிந்ததோ அதைப் பார்த்து, கட்டை எந்தப் பக்கமிருந்து பிரிக்க வேண்டும் என்று கட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். நான்காம் நாள் வேறு ஒருவர் வந்து தப்புப் பக்கமிருந்து இழுத்து, ஒட்டினதைத் திரும்பக் கிழிப்பது சகஜம். டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் என்பதையும் கேளுங்கள்.

ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில் கணுக்காலுக்கு மேலே தோல் காய்ந்த குளத்து மண் பாளமாகும். ஊறலுக்கு மாத்திரை தேடுமுன் சோப்பைக் குறையுங்கள்: கக்கம், கவட்டை, பாதம் மட்டும் தினமும், கைகாலுக்கு வெறும் தண்ணீர். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டு, பத்து நிமிடத்துக்குள் முடித்து, துவட்டின மூன்று நிமிடத்துக்குள் தேங்காயெண்ணெயோ வாஸ்லினோ. உள்ளங்காலில் தடவினால் மொசைக் தரையில் வழுக்கும், படுக்கையில் உட்கார்த்தித் தடவி சாக்ஸ் மாட்டிவிடுங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் ஊறல் ஞாபகமே இருக்காது.

படுக்கையில் விழுந்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல், பின்னிடுப்பு எலும்பு, இடுப்புப் பக்கம், குதிங்கால் இவற்றைத் தினமும் பார்வை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தால் குதிங்கால் அந்தரத்தில் நிற்கும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி விட்டால் வெளுக்க வேண்டும்; வெளுக்காவிட்டால் புண் உள்ளே தொடங்கியாயிற்று. நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ஸ்பிரிட் போடுவது, நடுவில் ஓட்டை போட்ட வளையத்தில் உட்காரவைப்பது மூன்றும் தப்பு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஊசி போடும் இடங்களில் ஒல்லியானவர், குண்டானவர் யாராக இருந்தாலும் பெரியவர்களின் தோல் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். மாறுவது அடியில் உள்ள கொழுப்பு. அதனால் பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி போதும், செங்குத்தாக. கொழுப்பே இல்லாத வயதானவருக்கு மட்டும் தோலை மடித்துப் பிடித்துப் போடலாம்.

தையல் பிரிக்கும் நாளும் இடத்தைப் பொறுத்தே. முகத்தில் ரத்த ஓட்டம் தாராளம், 5 நாளில் பிரிக்கலாம், தள்ளினால் தையல் தடமே தழும்பாகும். தலை, கை, உடம்புக்கு 7 முதல் 10. காலுக்கும் மூட்டுக்கும் 10 முதல் 14. முழங்காலில் அவசரப்பட்டால் முதல் மாடிப்படியிலேயே வாய் பிளக்கும். காதுமடலின் கீழ்நுனியில் குருத்தெலும்பு கிடையாது, தோலும் கொழுப்பும்தான், அதனால்தான் பழைய ஆச்சிமார் காது வளர்த்துத் தோள் வரை பாம்படம் போட முடிந்தது. மேல்காது அப்படியில்லை, குருத்தெலும்புக்கு ரத்தம் குறைவு, அங்கே குத்திச் சீழ் வைத்தால் காதின் உருவமே சுருங்கும். நெஞ்சு, தோள், காது இந்த இடங்களில் தழும்பு வீங்கி வளர்கிற குடும்பவாகு உள்ளவர்கள் இரண்டாவது, மூன்றாவது துளையை யோசித்துக் குத்த வேண்டும். கம்மல் இழுத்து அறுந்த காதை இரண்டு ஓரத்தையும் புதுசாகச் சீவித் தைத்தால்தான் ஒட்டும், பழைய ஓரத்தில் தோல் மூடிவிட்டிருக்கும். தையல் ஒரு வாரத்தில் பிரியும். திரும்பக் குத்த மூன்று மாதமாவது பொறுத்து, தழும்பின் மேல் இல்லாமல் சற்றுத் தள்ளி. முதல் வருஷம் தோடு மட்டும், ஜிமிக்கி வேண்டாம்.